ஒரு கருங்கல்லின் பூர்வீகம்: ஐசோடோப்புகள் அதை எப்படிச் சொல்கின்றன?

மகாராஷ்டிராவில் மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் அடுக்கடுக்கான கறுப்புப் பாறைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக்குழம்பு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பரவி உறைந்ததில் உண்டான அடுக்குகள் அவை. தக்காணப் பீடபூமியின் பசால்ட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மகாபலேஷ்வரிலிருந்து போலாத்பூருக்கு இறங்கும் அம்பேனளி கணவாயில் தெரியும் அடுக்குத்தொகுதிக்கு நிலவியலாளர்கள் அந்தக் கணவாயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே வழிந்து உறைந்து, கீழ்வரிசையில் இருக்கும் இன்னொரு தொகுதியின் பெயர் புஷே. இரண்டிலும் ஒரு துண்டு உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் பசால்ட், இரண்டும் கனமான கருங்கல்.

ஆய்வகத்துக்குப் போனதும் கதை மாறுகிறது. ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் இரண்டு வகை அணுக்களை எண்ணி, ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்த்தால் அம்பேனளிக் கல்லில் சுமார் 0.704 வருகிறது. புஷேக் கல்லில் அது 0.713-இல் தொடங்கி 0.72 அருகே வரை போகிறது. நமக்கு அற்பமாகத் தோன்றும் இந்த இடைவெளி நிலவியலில் மிகப் பெரியது. முதல் கல்லின் குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து அதிகம் கலப்படமாகாமல் மேலே வந்திருக்கிறது. இரண்டாவது கல்லின் குழம்பு, வரும் வழியில் பல கோடி ஆண்டுகள் பழைய கண்டப் பாறையை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. இத்தனையையும் ஒரு வகுத்தல் கணக்கு எப்படிச் சொல்லிவிடுகிறது?

ஐசோடோப்பு என்றதும் வயது கணிப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கல் எத்தனை கோடி ஆண்டு பழையது என்ற செய்தி பத்திரிகையில் வரும், அதோடு முடிந்துவிடும். வயது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அளவீட்டிலிருந்து இன்னொரு விடையும் கிடைக்கிறது: இந்தக் கல் எதிலிருந்து பிறந்தது? என்னைக் கேட்டால் வயதைவிட இந்த இரண்டாவது விடைதான் பூமியைப் பற்றி அதிகம் கற்றுத்தருகிறது.

குழம்பு எங்கிருந்து வருகிறது

உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியதுதான் தீப்பாறை. குழம்பு உண்டாக ஏதோ ஒரு திடப்பாறை உருகியிருக்க வேண்டும். அது பூமியின் மேலோட்டுக்குக் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை நீளும் கவசமாக இருக்கலாம். பசால்ட் குழம்பு கவசத்திலிருந்துதான் வருகிறது. அல்லது, ஏற்கெனவே மேலோட்டில் இருந்த பழைய பாறை சூடேறி மறுபடி உருகியிருக்கலாம். அதிலும் இரண்டு வகை உண்டு. பழைய தீப்பாறையே உருகலாம். மண்ணாக அரிக்கப்பட்டு, கடலில் படிந்து, புதைந்த படிவுப்பாறையும் உருகலாம். இவை ஒன்றோடொன்று கலப்பதும் சாதாரணம்.

கல்லில் எவ்வளவு சிலிக்கா, எவ்வளவு இரும்பு என்ற வழக்கமான வேதியியல் பகுப்பாய்வு இந்தக் கேள்விக்குப் பாதிதான் உதவும். ஏனென்றால் குழம்பு உறையும்போது முதலில் ஆலிவின் போன்ற படிகங்கள் உருவாகி அடியில் தங்கிவிடும், மிச்சக் குழம்பின் கலவை மாறிவிடும். எவ்வளவு பாறை உருகியது என்பதைப் பொறுத்தும் கலவை மாறும். ஒரே மூலத்திலிருந்து வேறுவேறு கற்கள் பிறக்கலாம், வேறுவேறு மூலங்களிலிருந்து ஒரே மாதிரிக் கற்களும் பிறக்கலாம். இந்த மாற்றங்களால் பாதிக்கப்படாத ஓர் அடையாளம் தேவைப்படுகிறது.

அந்த அடையாளம்தான் ஐசோடோப்பு விகிதம். ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாவற்றிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றுதான், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடலாம். ஸ்ட்ரான்ஷியத்தில் 84, 86, 87, 88 என்று நான்கு வகை இயற்கையில் இருக்கின்றன. வேதியியல் குணத்தில் நான்கும் ஒன்றே. 86-க்கும் 87-க்கும் எடை வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பில் எந்தப் படிகமும் 87-ஐத் தேடி எடுத்துக்கொண்டு 86-ஐ விட்டுவிடப் போவதில்லை. ஒரு சாக்கில் சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் நன்றாகக் கலந்து கிடந்தால், ஆழாக்கில் அள்ளினாலும் படியில் அள்ளினாலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் அதேதான் வரும். கவசத்தில் நூற்றில் ஐந்து பங்கு உருகினாலும் இருபது பங்கு உருகினாலும், குழம்பிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதம் மூலப்பாறையின் விகிதமேதான். படிகங்கள் பிரிந்தாலும் அது மாறாது. வேறொரு பாறை வந்து கலந்தால் மட்டும் மாறும். கல் தன் தாய்ப்பாறையிடமிருந்து அப்படியே பெற்றுக்கொள்ளும் பரம்பரைச் சொத்து இது.

கவசமும் மேலோடும் எப்போது வேறுபட்டன

சரி, எல்லாப் பாறையிலும் இந்த விகிதம் ஒன்றாகவே இருந்தால் பயனில்லையே? இருந்ததுதான், ஆரம்பத்தில். பூமி உருவானபோது, சுமார் 455 கோடி ஆண்டுகளுக்கு முன், ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதம் எங்கும் 0.699 என்ற அளவில் இருந்தது. ரூபிடியம் என்ற தனிமம் அநேகமாக இல்லாத சில விண்கற்கள் இந்தத் தொடக்க எண்ணை இன்றும் காட்டுகின்றன. வேறுபாடு பிறகு வந்தது. அதற்குக் காரணம் ரூபிடியம்-87.

ரூபிடியம்-87 கதிரியக்கத் தன்மை கொண்டது, சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. சிதைவு மகா மெதுவானது. அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 4,960 கோடி ஆண்டுகள். பூமி பிறந்த நாளிலிருந்து இன்றுவரை நூற்றில் ஆறு பங்குதான் சிதைந்திருக்கிறது. ஆகவே எந்தப் பாறையில் ரூபிடியம் அதிகமோ, அங்கே காலம் போகப்போக ஸ்ட்ரான்ஷியம்-87 ஏறிக்கொண்டே இருக்கும். ரூபிடியம் குறைந்த பாறையில் விகிதம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்ட்ரான்ஷியம்-86 எதன் சிதைவாலும் உண்டாவதில்லை. அதனால்தான் அதை வகுக்கும் எண்ணாக வைத்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான கட்டம். கவசத்தின் பாறை பெரும்பாலும் ஆலிவின், பைராக்சீன் என்ற கனிமங்களால் ஆனது. ரூபிடியம் பெரிய அணு, பொட்டாசியத்தின் குணம் கொண்டது. அந்தக் கனிமங்களின் படிக அமைப்பில் அதற்கு இடமில்லை. அதனால் கவசம் கொஞ்சம் உருகினாலே ரூபிடியம் முதல் ஆளாகக் குழம்புக்குள் போய்விடும். ஸ்ட்ரான்ஷியமும் குழம்புக்குப் போகும், ஆனால் அந்த அளவுக்கு அவசரம் காட்டாது. அந்தக் குழம்பு மேலே வந்து மேலோடு ஆகிறது. மேலோடு மறுபடி உருகி கிரானைட் பிறக்கும்போது ரூபிடியம் இன்னும் மேலே திரள்கிறது. இப்படிப் பல நூறு கோடி ஆண்டுகள் நடந்ததில், கண்ட மேலோடு ரூபிடியத்தால் செழித்தது, கீழே கவசம் வறண்டது.

விளைவு இன்றைய எண்களில் தெரிகிறது. கடலடி மலைத்தொடர்களில் கவசத்திலிருந்து புதிதாக வரும் பசால்ட்டில் விகிதம் 0.7025-ஐ ஒட்டி இருக்கிறது. கண்டப் பாறைகளில் 0.71, 0.72, பழைய கிரானைட்டுகளில் 0.75-ஐயும் தாண்டுகிறது. ஆறுகள் கண்டங்களிலிருந்து கரைத்துக் கொண்டுவருவதும், கடலடி எரிமலைகளிலிருந்து கசிவதும் கலந்த கடல்நீரில் இன்று 0.7092. அம்பேனளிக்கும் புஷேக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது மறுபடி பாருங்கள். 0.704 கவசத்தின் பக்கம் நிற்கிறது. 0.72 கவசத்தில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய எண் அல்ல.

புஷேயில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. பழைய கிரானைட்டை விழுங்கிய குழம்பில் சிலிக்கா ஏறியிருக்கும், மக்னீசியம் குறைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். தக்காணத்தில் கீழ் அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டது நேர்மாறு: அதிகம் கலப்படமான குழம்புகள்தான் மக்னீசியம் அதிகமுள்ளவையாக இருந்தன. காரணம் வெப்பம். மக்னீசியம் அதிகமுள்ள குழம்பு அதிகச் சூடானது, அதிகச் சூடான குழம்புதான் வழியிலுள்ள பாறைச்சுவரை அதிகம் உருக்கும். வேதியியல் பகுப்பாய்வை மட்டும் நம்பியிருந்தால், இந்தக் கற்கள்தான் கவசத்தின் சுத்தமான வாரிசு என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

ஒரு கோடு, இரண்டு விடை

தக்காணப் பசால்ட் நிலவியல் கணக்கில் இளசு. 250 கோடி ஆண்டு பழைய கல்லில் இன்று அளக்கும் விகிதம் அப்படியே பிறப்பிடத்தைச் சொல்லாது. கல் உறைந்த பிறகு அதற்குள்ளேயே இருந்த ரூபிடியமும் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87-ஐக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். அந்தக் கூடுதலைக் கழித்தால்தான் கல் பிறந்த அன்று இருந்த எண் கிடைக்கும். இதைத் தொடக்க விகிதம் என்கிறார்கள்.

கழிப்பது எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரே கிரானைட் மலையில் மூன்று இடங்களில் துண்டு எடுக்கிறோம். மூன்றும் ஒரே குழம்பிலிருந்து ஒரே காலத்தில் உறைந்தவை, ஆனால் கனிமச் சேர்க்கை கொஞ்சம் வேறு. மைக்கா அதிகமுள்ள துண்டில் ரூபிடியம் அதிகம். ரூபிடியம்-87-க்கும் ஸ்ட்ரான்ஷியம்-86-க்கும் உள்ள விகிதம் மூன்றிலும் முறையே 0.2, 0.6, 1.3 என்று வைப்போம். இன்று அளந்த ஸ்ட்ரான்ஷியம் 87/86 விகிதங்கள் 0.7091, 0.7233, 0.7482.

படுக்கை அச்சில் ரூபிடியம் விகிதத்தையும் நிமிர்ந்த அச்சில் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தையும் குறித்தால் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். இந்தக் கோட்டின் பெயர் ஐசோக்ரான். அதன் சாய்வு இங்கே 0.0355. இன்று மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நூறு ரூபிடியம்-87 அணுவுக்கும் சுமார் மூன்றரை அணு ஏற்கெனவே சிதைந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவு சிதைய 250 கோடி ஆண்டு ஆகும். இது வயது. அப்புறம் அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டி, ரூபிடியம் சுழியாகும் இடத்தில் நிமிர்ந்த அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்: 0.7020. ரூபிடியமே இல்லாத துண்டு ஒன்று இருந்திருந்தால் அதில் இன்றும் இந்த எண்தான் இருக்கும். குழம்பு உறைந்த நாளில் மூன்று துண்டிலும் இருந்ததும் இதுவே.

250 கோடி ஆண்டுகளுக்கு முன் கவசத்தின் விகிதம் 0.701-க்கும் 0.702-க்கும் இடைப்பட்டது. ஆக இந்தக் கற்பனைக் கிரானைட்டின் பொருள் கவசத்திலிருந்து பிரிந்து அதிக காலம் ஆகியிருக்க முடியாது. அதே கோடு 0.710-இல் வெட்டியிருந்தால் முடிவு வேறு. உருகிய பொருள் அதற்கு முன்பே பல கோடி ஆண்டுகள், ரூபிடியம் நிறைந்த மேலோடாகக் கிடந்திருக்கிறது என்று சொல்லியிருப்போம். வயது இரண்டு நிலையிலும் 250 கோடிதான். பூர்வீகம் முற்றிலும் வேறு. ஒரே கோட்டின் சாய்வும் வெட்டும் இடமும் இப்படி இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு விடை தருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஸ்ட்ரான்ஷியத்தில் ஒரு பலவீனம் உண்டு. ரூபிடியமும் ஸ்ட்ரான்ஷியமும் தண்ணீரில் எளிதில் நகரும். பழைய பாறைகள் புதைந்து, சூடேறி, வெந்நீர் ஊடுருவி, பலமுறை அல்லல்பட்டவை. இடையில் ரூபிடியம் வெளியேறியிருந்தாலோ உள்ளே வந்திருந்தாலோ கணக்கு பிசகிவிடும்.

அதனால் 1970-களில் சமாரியம், நியோடிமியம் என்ற இணை புகுந்தது. சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது, அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டுகள். இரண்டுமே அருமண் தனிமங்கள், குணத்தில் மிக நெருங்கியவை, சுலபத்தில் இடம் மாறாதவை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டொனால்ட் டிபாலோவும் ஜெரால்ட் வாசர்பர்கும் 1976-இல் இதைப் பாறைகளின் மூலத்தைத் தேடும் கருவியாக்கினார்கள். நியோடிமியம் 143/144 விகிதத்தில் வித்தியாசம் நான்காவது தசம இடத்தில்தான் தெரியும். அதனால் விண்கற்களின் சராசரியோடு ஒப்பிட்டு, பத்தாயிரத்தில் எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று சொல்லும் ஓர் அளவை அவர்கள் வகுத்தார்கள். எப்சிலான் என்று அதற்குப் பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, திசை தலைகீழ். உருகும்போது நியோடிமியம்தான் சமாரியத்தைவிடச் சற்று அதிகமாகக் குழம்புக்குப் போகிறது. எனவே மேலோட்டில் தாய்த்தனிமமான சமாரியம் ஒப்பளவில் குறைவு, கவசத்தில் அதிகம். காலப்போக்கில் கவசத்தின் எப்சிலான் கூட்டல் பக்கம் ஏறுகிறது, கடலடி மலைத்தொடர் பசால்ட்டில் சுமார் +10. பழைய கண்டப் பாறையில் அது −20, −30 என்று இறங்குகிறது. ஸ்ட்ரான்ஷியம் ஏறி நியோடிமியம் இறங்கினால் அது கண்டத்தின் கைவரிசை. தக்காணத்தில் அம்பேனளி கூட்டல் பக்கமும் புஷே கழித்தல் பக்கமும் நிற்கின்றன. இரண்டு வேறு தனிமங்கள், இரண்டு வேறு சிதைவுகள், சாட்சியம் ஒன்று.

அளப்பது எப்படி

ஐந்தாவது தசம இடம்வரை நம்பத்தக்க எண் வேண்டும் என்பதால் இந்த வேலைக்கு மிகுந்த பொறுமை தேவை. கல்லைப் பொடியாக்கி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். சிலிக்கேட் பாறையைக் கரைக்க அந்த அமிலம் வேண்டியிருக்கிறது. பிறகு கரைசலைப் பிசின் நிரப்பிய மெல்லிய குழாய்கள் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கி ரூபிடியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. ரூபிடியம்-87, ஸ்ட்ரான்ஷியம்-87 இரண்டுக்கும் நிறை ஏறக்குறைய ஒன்றே என்பதால் கருவியால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்த துளியை ஓர் உலோக இழையில் உலர்த்தி, வெற்றிடத்தில் சூடாக்கினால் அணுக்கள் மின்னேற்றம் பெற்றுப் பறக்கும். வலுவான காந்தப்புலத்தில் எடை குறைந்தவை அதிகம் வளையும், எடை கூடியவை குறைவாக வளையும். அந்தந்தப் பாதையின் முடிவில் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கருவிக்கு நிறைமாலைமானி என்று பெயர்.

சுத்தம் இதில் உயிர்நாடி. கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் போராடியது காற்றிலும் தூசியிலும் பாத்திரங்களிலும் கலந்திருந்த ஈயத்தோடுதான். அந்த ஈயத்தில் பெரும்பகுதி பெட்ரோலிலிருந்து வருகிறது என்று கண்டு, பிற்பாடு அதற்கு எதிராக அவர் நடத்திய வாதம், ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிய ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. கல்லின் வயதைத் தேடிப் போனவர் குழந்தைகளின் இரத்தத்தைச் சுத்தமாக்க உதவினார் என்பதைச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பாறை அழிந்தாலும் மிஞ்சும் மணி

சில சமயம் தாய்ப்பாறையே கிடைக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் சுமார் 300 கோடி ஆண்டு பழைய, கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை ஒன்று இருக்கிறது. அந்த மணலுக்குள் அரை மில்லிமீட்டரை எட்டாத சிர்கான் மணிகள் கிடக்கின்றன. சிர்கான் உறுதியான கனிமம். கிரானைட் போன்ற குழம்பில் படிகமாகும், அந்தக் கிரானைட் அரிக்கப்பட்டு மண்ணாகிப் போனாலும் இது அழியாது. படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே பின்னால் உள்ளே காணும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. வயது கணிக்க இதைவிட நல்ல கனிமம் கிடைப்பது அரிது. ஜாக் ஹில்ஸ் மணிகளில் மிகப் பழையதன் வயது 440 கோடி ஆண்டு என்று 2001-இல் அறிவித்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பிறப்பிடம். அந்தச் சின்ன மணிக்குள்ளேயே அதற்கான சாட்சிகளும் இருக்கின்றன. ஒன்று ஹாஃப்னியம். சிர்கானின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு ஹாஃப்னியம். லுட்டீசியம்-176 சிதைந்துதான் ஹாஃப்னியம்-176 வருகிறது, சிர்கானில் லுட்டீசியமோ மிகமிகக் குறைவு. எனவே உள்ளே இருக்கும் ஹாஃப்னியம் விகிதம் மணி பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய மாறவே இல்லை. கழிக்க வேண்டிய கூடுதல் அநேகமாக இல்லை. தொடக்க விகிதம் பூட்டிவைத்தபடியே கிடைக்கிறது. ஜாக் ஹில்ஸ் மணிகள் பலவற்றின் ஹாஃப்னியம், அவற்றைப் பெற்ற குழம்பு கவசத்திலிருந்து நேரே வந்ததல்ல, அதற்கும் முன்பே உருவாகியிருந்த மேலோடு மறுபடி உருகி வந்தது என்று காட்டுகிறது.

இன்னொரு சாட்சி ஆக்சிஜன். இது கதிரியக்கக் கணக்கு அல்ல, வேறு வகை. ஆக்சிஜன்-16, ஆக்சிஜன்-18 இரண்டுக்கும் எடை வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு. குளிர்ந்த சூழலில், பூமியின் மேற்பரப்பில், தண்ணீரும் பாறையும் வினைபுரிந்து களிமண் உண்டாகும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கிறது. களிமண்ணில் ஆக்சிஜன்-18 கூடுதலாகச் சேர்ந்துவிடும். கவசத்திலிருந்து வரும் சிர்கானில் ஆக்சிஜன்-18 ஒரு குறுகிய வரம்பைத் தாண்டாது. 430 கோடி ஆண்டு வயதுள்ள ஜாக் ஹில்ஸ் மணிகள் சில அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. அவற்றைப் பெற்ற குழம்பில், ஒருகாலத்தில் மேற்பரப்பில் திரவநீரோடு பழகிய பொருள் உருகிக் கலந்திருக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். பூமி பிறந்து சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் தண்ணீர் இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய தடயம் இது. வில்லியம் காம்ப்ஸ்டன் தலைமையில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஷ்ரிம்ப் போன்ற அயனிக்கற்றைக் கருவிகள் வந்ததால்தான், மணியைக் கரைக்காமல் அதன்மேல் மயிரிழை அகல இடத்தை மட்டும் சுரண்டி அளப்பது சாத்தியமானது.

கிரானைட்டுகளுக்கும் இந்த முறை பெரிதும் உதவியது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் கிரானைட்டுகளை புரூஸ் சாப்பலும் ஆலன் ஒயிட்டும் 1974-இல் இரண்டாகப் பிரித்தார்கள்: பழைய தீப்பாறை உருகி வந்தவை ஒன்று, படிவுப்பாறை உருகி வந்தவை மற்றொன்று. 2007-இல் அதே பகுதிச் சிர்கான்களில் ஹாஃப்னியத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்து அளந்தபோது, முதல் வகை என்று நினைத்த கற்களிலும் படிவுப்பாறையின் பங்கு இருப்பது தெரிந்தது. நம் பக்கம் பெங்களூரு அருகே ராமநகரத்தில் செங்குத்தாக நிற்கும் மொட்டைப் பாறைகள் குளோஸ்பேட் கிரானைட்டைச் சேர்ந்தவை. வடக்கு தெற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் அந்தக் கிரானைட்டின் வயது சுமார் 252 கோடி ஆண்டு. கவசத்திலிருந்து வந்த குழம்பும், அதன் சூட்டில் உருகிய அதைவிடப் பழைய தார்வார் மேலோடும் கலந்து அது பிறந்ததை அதன் ஐசோடோப்புகள் காட்டுகின்றன.

இரண்டு விளக்கமும் பொருந்தும்போது

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் விளக்கம் முழுமையாகாது. ஒரு கல்லின் தொடக்க விகிதம் கவசத்துக்கும் மேலோட்டுக்கும் நடுவில் வந்தால், கவசக் குழம்பு வழியில் மேலோட்டை விழுங்கியது என்று சொல்லலாம். அந்தக் கவசப் பகுதியே ஏற்கெனவே ரூபிடியத்தால் செழித்துப்போன ஒன்று, குழம்பு எதையும் விழுங்கவில்லை என்றும் சொல்லலாம். கவசம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வறண்டது அல்ல. கண்டங்களுக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் கவசப் பகுதிக்குள் ஆழத்திலிருந்து கசியும் குழம்பும் திரவங்களும் புகுந்து பல தனிமங்களைச் சேர்த்துவிடுவதுண்டு. வெறும் விகிதத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கடினம்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஒரு நல்ல வழி கார்பனடைட். சுண்ணாம்புக்கல் போலத் தெரியும், அமிலம் பட்டால் நுரைக்கும், ஆனால் உண்மையில் தீப்பாறை. கார்பனேட் கனிமங்களாலான குழம்பு உறைந்தது. இன்று உலகில் கார்பனடைட் குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய் மட்டும்தான். கார்பனடைட் குழம்பில் ஸ்ட்ரான்ஷியமும் நியோடிமியமும் மிக அதிகம். வழியில் கொஞ்சம் கிரானைட்டை விழுங்கினாலும், இருக்கும் கடல் போன்ற இருப்பில் அது எடுபடாது, விகிதம் அசையாது. அதனால் கார்பனடைட் காட்டும் எண்ணைக் கவசத்தின் எண்ணாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கல் இருக்கிறது. ஒகேனக்கல் பகுதியில் பைராக்சீனைட் என்ற பாறையை ஒட்டிச் சிறு சிறு உடல்களாகக் காணப்படுகிறது. திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூரிலும் ஒரு கார்பனடைட் தொகுதி உண்டு. அனில் குமார், கே. கோபாலன் உள்ளிட்ட குழு இந்த இரண்டின் ஸ்ட்ரான்ஷியம், நியோடிமியம் ஐசோடோப்புகளையும் அளந்து 1998-இல் வெளியிட்டது. ஒகேனக்கல் சுமார் 240 கோடி ஆண்டு பழையது, செவ்வாத்தூர் சுமார் 77 கோடி. நடுவில் 160 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இரண்டின் தொடக்க விகிதங்களும் வறண்ட கவசத்தைக் காட்டவில்லை, செழித்த கவசத்தைக் காட்டின. அதுவும், ஒகேனக்கல்லின் மூலத்தை 160 கோடி ஆண்டுகள் கலைக்காமல் விட்டுவைத்தால் எந்த எண்ணுக்கு வந்து சேருமோ, அதோடு செவ்வாத்தூரின் எண் பொருந்திப்போனது. நீண்டகாலம் நிலைத்த ஒரே செழித்த மூலம் என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு.

கவசம் மெல்லச் சுழன்று கலந்துகொண்டே இருக்கும் பகுதி. அந்தச் சுழற்சியில் இப்படியொரு அடையாளம் 160 கோடி ஆண்டு கலையாமல் தாக்குப்பிடிப்பது கடினம். ஆகவே இந்த மூலம் சுழலும் கவசத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. தென்னிந்தியக் கண்டத்தின் அடியில் குளிர்ந்து இறுகி, மேலோட்டோடு ஒட்டிக்கொண்ட கவசப் பகுதியாக இருக்கலாம் என்ற விளக்கம்தான் இயல்பாகப் பொருந்துகிறது. அப்படியானால் கண்டங்கள் சேர்ந்து பிரிந்து இடம் மாறிய காலமெல்லாம், ஒகேனக்கல்லும் திருப்பத்தூரும் தங்களுக்குக் கீழே இருந்த கவசத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டேதான் நகர்ந்திருக்கின்றன.